என்ன குறை வெச்சேன்?

உங்கள் வீட்டில் ஆர்க்கிட் செடி இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போர் தண்ணீர் வரும் பாத்ரூம் குழாய் இருந்தால் போதும். இது உங்களுக்கும்தான்.

எங்கள் எதிர் ஃப்ளாட்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பெங்களூரில் இருக்கும் மகன், போன வருடம் அவர் பிறந்தநாளுக்கு ஓர் ஆர்க்கிட் தொட்டியை அனுப்பியிருந்தான். ஃபெலனாப்சிஸ் வகை. பூ அந்துப்பூச்சி மாதிரி இருப்பதால் 1825-ல் ப்ளூம் என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் அது. நாளடைவில் பூ உதிர்ந்தது. மகனின் போனும் குறைந்தது. சார் மட்டும் விடவில்லை. தினமும் காலையில் இலை நனைய நனையத் தண்ணீர் தெளித்தார்.

ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். இலையெல்லாம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டுக்கள். அதன் மேல் தூசு.

“ஒருநாள் தவறினதில்லை சார். இதுக்கு நான் என்ன குறை வெச்சேன்?”

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை, இதே குரலில், அவர் முன்பும் கேட்டிருக்கிறார். மகனைப் பற்றி.

நம் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு போகாது, அங்கேயே படியும். உங்கள் குழாய் முனையிலும் வாளியிலும் இருப்பது அதுதான். தடித்துப்போனால் இலைக்கு வெளிச்சம் குறையும். கவனியுங்கள்: தூசு, ரோட்டிலிருந்து வந்தது. வெள்ளைக் கறையோ, சார் ஆசையாகத் தெளித்த தண்ணீரில் வந்தது.

இப்போது சொல்லுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் கறையாகப் படிந்தால், அதற்கு நாம் பொறுப்பா?

‘நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்’ என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பதில். அந்தப் பதில் நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம். பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று பத்து வருடம் தினமும் தெளித்திருப்போம். புத்திமதி ஆவியாகியிருக்கும். ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’ என்ற உப்பு மட்டும் படிந்திருக்கும்.

அதற்காகத் தண்ணீரே விடாமல் இருக்க முடியுமா? செடி செத்துப்போகும். கறை இருப்பதே, யாரோ கவனித்து வளர்த்தார்கள் என்பதற்குச் சாட்சிதானே! தப்பு தெளித்ததில் இல்லை. காய்ந்த பிறகு என்ன மிச்சமிருக்கிறது என்று திரும்பிப் பார்க்காததில்தான்.

காட்டில் இந்தச் சிக்கல் இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் இந்தச் செடி மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. தண்ணீர் விடுவதும் மழை, இலையைக் கழுவுவதும் மழை. மழைநீரில் உப்பு இல்லாத குறைதான். நம் பால்கனியில் இரண்டு வேலையும் நம்முடையது. நாம் முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கிறோம்.

சார் ஏற்கெனவே ஒரு வைத்தியம் பார்த்திருந்தார். இலையில் தேங்காய் எண்ணெய்! இரண்டு நாள் பளபளத்ததாம். பிறகு எண்ணெயில் தூசு அப்பிக்கொண்டது. இலையின் சுவாசத் துளைகளையும் எண்ணெய் அடைக்கும். சண்டை போட்ட மறுநாள் வாட்ச் வாங்கிக் கொடுப்பது மாதிரி. கறை அப்படியே இருக்கும்; மேலே பளபளப்பு.

சரியான வழி சாதாரணமானது. பிடித்துவைத்த மழைநீரில் சில துளி எலுமிச்சைச் சாறு. அதில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு கையால் இலையை அடியில் தாங்கிக்கொண்டு, காம்பிலிருந்து நுனி நோக்கித் துடைக்க வேண்டும். பிறகு வெறும் மழைநீரால் ஒருமுறை. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஒற்றி எடுக்க வேண்டும். அடுத்த செடிக்கு வேறு துணி. ஒரு செடியின் சாறு வழியாக வைரஸ் இன்னொன்றுக்குப் போகலாம். அதற்கு மருந்து கிடையாது. மூத்தவனுக்குச் சொன்னதையே இளையவனுக்கும் சொல்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

முக்கியமாக, நகத்தால் சுரண்டக் கூடாது. சார் சுரண்டப் போனார்; தடுத்தேன். பல மாதத்துக் கறை ஒரே துடைப்பில் போகாது. போகணும் என்று அவசரப்பட்டால் இலைதான் கிழியும். மன்னிப்புக் கேட்பதும் இப்படித்தான். நாம் ஒருநாள் கேட்டுவிட்டோம் என்பதற்காக, மறுநாளே எல்லாம் பச்சையாகிவிடாது.

முதல் இலை முடிந்தது. வெள்ளை கொஞ்சம் மங்கியிருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“இதை எத்தனை நாளைக்கு சார் செய்யணும்?”

“தண்ணி தெளிக்கிற வரைக்கும் சார்” என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. இரண்டாவது இலையின் அடியில் கையைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த நான், என் மகளுக்கு போன் போட்டேன். ‘சாப்பிட்டியா’ என்பதற்குப் பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்தேன்.

நீங்கள் கடைசியாக இலையைத் திருப்பிப் பார்த்தது எப்போது?