வைராக்கியமும் வழியும்

ஒரு மனிதன் துன்பத்தைச் சகித்துக்கொண்டு தன் கடமையைச் செய்கிறான். அவனைக் கண்டு நாம் வியக்கிறோம், புகழ்கிறோம், மேடையேற்றி மாலையும் சூட்டுகிறோம். அத்துன்பம் அவசியமானதுதானா என்று மட்டும் நாம் கேட்பதில்லை. நேயர்களே, இக்கேள்வியை நம் மனத்தில் எழுப்பியது நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு விஷயம். பனி கொட்டும் தேசங்களில் குளிர்காலம் முழுவதும் சைக்கிளிலேயே வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறவர்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. ஐஸ் என்றால் கடைப்பெட்டிக்குள் மட்டுமே கண்டறிந்த நம்மவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

பின்லாந்து தேசத்தின் வடபாகத்தில், போத்னியா வளைகுடாவின் கரையிலே, ஊலு என்றொரு நகரம் இருக்கிறது. ஜனத்தொகை ஏறக்குறைய 2 லட்சம். டிசம்பர் மாதத்தின் நடுவில் அங்கே பகல் வெளிச்சம் 4 மணி நேரத்துக்கும் குறைவு. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிர் அவ்வூராருக்கு அதிசயமன்று. அத்தகைய ஊரில் 900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சைக்கிள், நடைபாதைகள் விளக்கொளியோடு அமைந்திருக்கின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரியாயிருந்த ஒரு நாளில், அங்குள்ள பள்ளியொன்றின் 1,200 பிள்ளைகளில் சுமார் 1,000 பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது.

இதைப் படித்ததும் நாம் முதலில் எண்ணியது யாது? “வடதேசத்தார் தேகக்கட்டு உடையவர்கள், அவர்கள் இரத்தமே வேறு” என்றுதான். அது சோம்பேறித்தனமான விடை. அதே குளிரும் அதே தேகக்கட்டும் உள்ள பல வட நகரங்களில் பனி விழுந்தவுடன் சைக்கிள்கள் கொட்டகைக்குள் போய்விடுகின்றன. ஊலு நகரத்துப் பிள்ளைகள் வீரர்களல்லர். அவர்களுக்கு வீரம் தேவைப்படவில்லை. மோட்டார் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் பாதையை நகரசபை போட்டுத் தந்திருக்கிறது. ஜனங்கள் வேலைக்குப் புறப்படுமுன் பனியகற்றும் யந்திரம் முக்கியப் பாதைகளில் போய்விட்டு வருகிறது. பனியைத் தார் தெரியும்வரை சுரண்டுவதில்லை. சமனாக அழுத்தி, பல்வைத்த தகட்டால் கீறி, சக்கரம் பிடிக்கும்படி செய்து, பொடிக்கல்லைத் தூவுகிறார்கள். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது. உப்பிட்டுப் பாதி கரைந்த சேற்றுப் பனியோ சைக்கிளோட்டியின் முதல் விரோதி. ஆகவே அழுத்திய பனியே அவர்களுக்குச் சாலையாகிவிடுகிறது. ஒரு பையன் காலையில் கையுறையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான்; அவ்வளவே அவன் செய்ய வேண்டிய தியாகம்.

இனி, ஸ்வீடன் தேசத்துக் கார்ல்ஸ்கூகா என்ற சிற்றூருக்கு வருவோம். அங்கே 2011ஆம் ஆண்டில், ஊராட்சியின் ஒவ்வொரு வேலையும் ஆண்களையும் பெண்களையும் எங்ஙனம் பாதிக்கிறது என்று பரிசீலிக்கத் தொடங்கினார்கள். பனியகற்றுவதில் ஆணென்ன பெண்ணென்ன என்று சிலர் நகைத்தார்களாம். கணக்கைப் பார்த்தபோது நகைப்பு நின்றது. முதலில் மோட்டார்ச் சாலைகள், கடைசியில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் என்பதே அதுவரை இருந்த வரிசை. மோட்டாரில் போவோருள் ஆண்கள் மிகுதி. நடந்தும் சைக்கிளிலும் போவோருள் பெண்கள் மிகுதி. மூன்று அங்குலப் பனியில் மோட்டார் போய்விடும். குழந்தை வண்டி போகாது. வழுக்கி விழுந்து காயமுறுவோரில் நடப்பவர்களே அதிகம் என்பதும் தெரிந்தது. அவர்கள் வரிசையைத் தலைகீழாக மாற்றினார்கள். செலவு கூடவில்லை.

இவ்விடத்தில் நாம் நெடுநேரம் நின்று யோசித்தோம். பனி அதே பனி. யந்திரம் அதே யந்திரம். பணமும் அதே பணம். மாறியது வரிசை ஒன்றே. அந்த வரிசை யாருடைய கஷ்டம் கணக்கில் வருகிறது, யாருடைய கஷ்டம் வைராக்கியம் என்று புகழப்பட்டுத் தள்ளிவைக்கப்படுகிறது என்பதைக் காட்டும் தராசு. அதிகாரிகள் எவரும் பெண்களுக்குத் தீங்கு நினைத்து அதை வகுக்கவில்லை. அவர்கள் மோட்டாரில் போனார்கள். தாம் போகும் வழியையே வழி என்று எண்ணினார்கள். கெட்ட எண்ணத்தைக் கண்டுபிடித்துக் கண்டிப்பது சுலபம். எண்ணமே இல்லாமையை என் செய்வது?

எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுவது நியாயம். அதே தேசத்தின் தலைநகரான ஸ்டாக்ஹோமும் இவ்வரிசையைக் கைக்கொண்டது. 2016 நவம்பரில் அந்நகரில் அசாதாரணமான பனி கொட்டி, வண்டிகள் நின்று, ஜனங்கள் தவித்தபோது, புதிய கொள்கையே காரணமென்று ஏளனம் செய்தார்கள். அத்தனை பனிக்கு எந்த வரிசையும் ஈடுகொடுத்திராது என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் நல்ல கொள்கை மட்டும் பனியைத் தள்ளாது. யந்திரமும் ஆளும் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வைராக்கியம் வேண்டவே வேண்டாமா? அப்படியும் நாம் சொல்லத் துணியோம். பாதை இல்லாததால் எவரும் வருவதில்லை; எவரும் வராததால் பாதை வேண்டியதில்லை என்கிறது ஆட்சி. இச்சக்கரத்தை உடைக்க, பனியில் முதல் தடம் பதிக்கும் சிலர் தேவை. ஆனால் அவர்கள் தனித்தனியே துன்புற்றுக்கொண்டிருந்தால் தடம் மறுபனியில் மூடிப்போகும். 2013இல் ஊலு நகரில் குளிர்காலச் சைக்கிள் மாநாடு முதன்முதலாகக் கூடியது. பாதை போடும் பொறியாளரும் அதில் ஓட்டுகிறவரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். பின்னர் 2014இல் கனடாவின் வின்னிபெக்கிலும், 2016இல் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும், 2018இல் மாஸ்கோவிலும் அம்மாநாடு நடந்தது. ‘குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகும் நாள்’ என்று ஒரு நாளைக் குறித்து, கலந்துகொள்வோர் பெயரைப் பதிந்து, எந்த ஊரில் எத்தனை பேர் என்று எண்ணவும் தலைப்பட்டார்கள். கிராணி வேலை பார்க்கும் நமக்கு இதன் அருமை விளங்கும். செக்ரோலில் பெயர் இல்லாதவன் நாளெல்லாம் உழைத்திருந்தாலும் கணக்கில் வராதவன்தானே!

நமது நாட்டில் பனி இல்லை. வடகிழக்குப் பருவமழை உண்டு. நம் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு மைல் செம்மண் பாதை. அதன் நடுவிலுள்ள மதகு ஒரு புறம் இடிந்து ஆண்டுகள் ஆகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் அதன்மேல் ஏறி ஓடும். எது பாதை, எது பள்ளம் என்று தெரியாது. அவ்வழியே ஒரு பையன் சென்ற ஆண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் சைக்கிளில் பள்ளிக்குப் போனான். பரிசளிப்பு விழாவில் அவனுக்கு ஒரு பேனாவைக் கொடுத்து, விடாமுயற்சியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியவர் நாமே. கைதட்டல் பலமாயிருந்தது.

விழா முடிந்தபின் அவன் தாயார் நம்மிடம் வந்தார். “கிராணி ஐயா, எம் பிள்ளையைப் பெருமையாப் பேசினீங்க, சந்தோஷம். மழை நாள்லே அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசல்லேயே நிக்கிறேன். அந்த மதகை யாருங்கய்யா கட்டுவாங்க?” என்றார்.

நாம் பதில் சொல்லவில்லை. அந்த மதகை நாம் தினந்தோறும் பார்த்திருக்கிறோம். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் மேட்டுப் பாதையாகச் சுற்றிக்கொண்டு போவது நம் வழக்கம்.

அன்றிரவு மலாய் மொழியில் ஒரு மனு எழுதினோம். மதகின் அகலம், நீர் ஏறும் உயரம், அவ்வழியே போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை யாவற்றையும் அதில் குறித்தோம். எண்ணிப் பார்த்ததில் பிள்ளைகள் பதினொருவர். நமக்குத் தெரிந்திருந்தது ஒருவனை மாத்திரமே. கையொப்பம் வாங்க லயம் லயமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். “பேரு போட்டா வம்பு வருமா?” என்று கேட்கிறவர்களே அதிகம். இதுவரை மூன்று கையொப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது அந்தத் தாயாருடையது. நம்முடையது மூன்றாவது.