இடைவெளியின் எடை

கல்வராயன் மலையில் முகில் விலகிய இரவுகளில் அண்ணாந்து நோக்குவோர்க்கு விண்மீன்கள் தெரியும். அவற்றினிடையே இருள் தெரியும். ஒளிர்வது பொருள், இருண்டது வெறுமை என்று கொள்வது நம் பழக்கம். எக்ஸ் கதிர் வானியல் இக்கணக்கைப் புரட்டிவிட்டது.

ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது பெர்சியஸ் கொத்து. அங்கு ஒன்றுகூடியுள்ள விண்மீன் மண்டலங்களின் இடைவெளியெங்கும் பல கோடிப் பாகை வெப்பமுள்ள வாயு பரவிக் கிடக்கிறது. நம் ஆய்வகங்களில் உண்டாக்கும் வெற்றிடத்தினும் அடர்த்தி குறைந்த வாயு அது; ஆயினும் அதன் மொத்த நிறை அங்குள்ள விண்மீன்கள் அனைத்தின் நிறையையும் பன்மடங்கு விஞ்சுகிறது. அது உமிழும் எக்ஸ் கதிர்களைப் புவியின் காற்று மண்டலம் விழுங்கிவிடுவதால், நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில், காவலூரில் நிற்கும் பெரிய தொலைநோக்கிக்கும் அது புலப்படாது. விண்வெளிக்கே கருவி செல்ல வேண்டும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய 'சந்திரா' 1999-இலும், இந்தியாவின் 'அஸ்ட்ரோசாட்' 2015-இலும் அவ்வாறு சென்றவையே.

வியப்பு இன்னும் உண்டு. இத்துணை வெப்பமுள்ள வாயு சிதறி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எவ்வகை ஒளியும் தராத கரும்பொருளின் ஈர்ப்பே அதைப் பெரிதும் பிடித்து வைத்திருக்கிறது. வாயுவின் வெப்பத்தை அளந்து அக்காணாப் பொருளின் எடையை அறிகின்றனர்.

இவ்வளவு தொலைவு காணும் மனிதன் அருகிருப்பதைக் காண்கிறானா? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வானாராய்ச்சிக்குச் செலவிட்ட பணமே ஏழைக்கு மறுக்கப்பட்டது என்பார் உளர். அவ்வாதம் எமக்கு ஏற்புடையதன்று. மெத்தனாலைக் கண்டறிவது வேதியியலில் பழைய, எளிய செயல். கருவி இருந்தது, கருணாபுரத்துக் கூலித் தொழிலாளியின் மாலைப்பொழுது எவருடைய கவனத்திலும் இல்லை. ஒளிரும் சிலருக்கு இடைப்பட்ட இருளாகவே அவர்களை நாம் எண்ணியிருந்தோம். ஊரின் எடையோ அவர்கள் தோளில் இருந்தது.

மலைமேலும் நிலை அதுவே. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை மக்களின் வாழ்வு குறித்து, அச்சாவுகளுக்குப் பின்னர், 2024-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து வினவலாயிற்று.