மருந்துக்கு முன்பே வந்த எதிர்ப்பு

மருந்தை எதிர்க்கும் ஆற்றல் கிருமிக்குத் தேவையால் வருகிறதா, தற்செயலாகவா? ஊழ் பெரிதா முயற்சி பெரிதா என்று தமிழ் மண் நெடுங்காலம் வாதிட்ட பொருள் இதற்குள்ளும் இருக்கிறது. எல்லாம் நியதிப்படியே என்றனர் ஆசீவகர். திருக்குறளோ ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தது.

1943-இல் சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும், பல குழாய்களில் தனித்தனியே வளர்த்த ஈ.கோலை கிருமிகள்மேல், பாக்டீரியாவை அழிக்கும் வைரஸான ஃபேஜை ஏவினர். ஃபேஜைச் சந்தித்த பிறகே எதிர்ப்பு பிறக்குமானால் எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு கிருமிகள் தப்ப வேண்டும். ஆனால் பலவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்றிரண்டில் மட்டும் ஏராளமாகத் தப்பின. ஃபேஜ் வருமுன்பே, கிருமிகள் பெருகும்போது ஏதோ ஒரு தலைமுறையில் எதிர்ப்பு தோன்றியிருந்தது; முந்தித் தோன்றிய குழாயில் அதன் வாரிசுகள் அதிகம். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்துக்கும் இதே விதிதான் என்பதை 1952-இல் லெடர்பெர்க் தம்பதியர் காட்டினர். மருந்தையே காணாத கிருமி மருந்தை வெல்லக்கூடும்.

கோலார் தங்கவயலில் இந்த உண்மைக்குத் தனிக் கனம் உண்டு. கோரமண்டல் முதலிய சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பாறைத் தூசைச் சுவாசித்தே பிழைத்தவர்கள். 1947-இல் வெளிவந்த ஆய்வு, பரிசோதிக்கப்பட்டோரில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்தத் தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இருக்கக் கண்டது. அந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். நோய் முற்றிக் குழிவிழுந்த நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் காசநோய் மருந்தான ஐசோனியசிட்டை எதிர்ப்பவை ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ஒரே மருந்து கொடுத்தால் அவை மட்டும் பிழைத்துப் பெருகும். இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் ஒரே கிருமி தாங்குவது மிக அரிது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் கூட்டு மருந்தை வீட்டிலேயே கொடுத்து, அது சானடோரியச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று நிறுவியது. நோயை வினைப்பயன் என்பதும், எதிர்ப்பு முழுவதையும் மருந்தை நிறுத்திய நோயாளியின் குற்றமாக்குவதும் அநீதி. மாற்றம் தற்செயலாக முன்பே நிகழ்கிறது. அதைப் பெருகவிடுவதும் தடுப்பதும் மனிதச் செயல். அச்செயலில் காற்றில் தூசைப் பறக்கவிட்ட சுரங்க நிர்வாகத்துக்கும் பங்குண்டு.

தற்செயல் மட்டுமே என்றும் முடித்துவிட முடியாது. தயிர்க் கிருமியொன்று தன்னைத் தாக்கிய ஃபேஜின் டிஎன்ஏ துண்டைத் தன் மரபணுத்தொகுதியில் சேர்த்துக்கொண்டு எதிர்ப்புப் பெறுவது 2007-இல் நிரூபிக்கப்பட்டது. கிரிஸ்பர் எனும் இந்த ஏற்பாட்டில் அனுபவமே பரம்பரைச் சொத்தாகிறது.

மருந்து எதிர்ப்பும் ஃபேஜ் எதிர்ப்பும் ஒன்றையொன்று குலைப்பதும் உண்டு. 2016-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்த ஒரு ஃபேஜ், சூடோமோனாஸ் கிருமி மருந்தை வெளியே தள்ளும் பம்பைப் பற்றியே உள்ளே நுழைகிறது. பம்பை மாற்றி ஃபேஜிடம் தப்பிய கிருமி, மருந்துக்கு மீண்டும் இரையாகிறது. எல்லா ஃபேஜ்களுக்கும் இது பொருந்தாது. பம்போடு தொடர்பில்லாத வேறொரு மேற்பரப்புப் பொருளைப் பற்றும் ஃபேஜாக இருந்தால், கிருமி அந்தப் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டு ஃபேஜ், மருந்து இரண்டையும் தாங்கக்கூடும்.