இரவல் கோடரி



இந்த மாதம் உங்கள் முன்பாக ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். யுத்தத்தில் இடிந்துபோன ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தை மறுபடியும் எடுத்துக் கட்டப் பணம் கொடுக்கிறவனுக்கு, அந்தப் பள்ளியின்மேல் என்ன உரிமை உண்டு? அதற்கு முன்னே இன்னொரு கேள்வியும் நிற்கிறது. நம்ம சபைக்குச் சொந்தமில்லாத, நம்ம தேசத்திலும் இல்லாத ஒரு பள்ளிக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும்?

இது சும்மா உட்கார்ந்து யோசித்த கேள்வி அல்ல. வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் முதலமைச்சர் அங்கே வந்துதான் முகாம்களுக்குப் புது வீடு கட்டும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்படிப்பட்ட ஒரு முகாமில் பல வருஷம் இருந்துவிட்டு வன்னிக்குத் திரும்பிப்போன ஒரு குடும்பத்தார் நம் சபையில் ஒருவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். "எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வந்துவிட்டது. ஆனால் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடச் சாமான் ஒன்றும் இல்லை" என்று அதில் இருந்தது.

ஆராதனை முடிந்து கடிதத்தை வாசித்தோம். மூப்பர் ஒருவர் எழுந்து, "பாஸ்டர், நம்ம ஜனங்க டேனரியிலயும் ஷூ கம்பெனியிலயும் நாள் முழுக்க நின்னு சம்பாதிக்கிற காசு இது. நம்ம பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டவே வட்டிக்கு வாங்குறாங்க. கடல் தாண்டி யாருக்கோ ஆய்வுகூடமா?" என்றார். ஒரு சகோதரி, "அந்த ஸ்கூல்ல வேதபாடம் சொல்லித் தருவாங்களா, பாஸ்டரய்யா?" என்று கேட்டார்கள். இரண்டு பேரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆகவே இரண்டு பேருக்கும் யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

முதலில் அங்கே நடந்ததைப் பாருங்கள். 1995 செப்டம்பர் 22-ஆம் தேதி, வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தின்மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. நம்ம குமரி மாவட்டத்து நாகர்கோவில் அல்ல, அதே பேருள்ள ஈழத்துக் கிராமம். பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இருபது பேருக்கும் மேல் மரித்தார்கள். 2009-ஆம் வருஷத் தொடக்கத்தில் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரியாக மாறியது. அந்த மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மெனிக் பார்ம் போன்ற முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். அதே 2009-ல் அந்த முகாமுக்குள்ளேயே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள்!

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். வீடு இல்லை, உறவு இல்லை, தகப்பன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. அந்த நிலையிலும் ஒரு பிள்ளை பேனாவை எடுத்துக்கொண்டு பரீட்சைக்கு உட்காருகிறது. "முதல்ல சோறு, அப்புறம் படிப்பு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சோறு வேண்டும்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சோறு இன்றைக்கு உயிரோடு வைக்கும். நாளைக்கு என்று ஒரு நாள் உண்டு என்பதைப் பள்ளிக்கூடந்தான் ஒரு கிராமத்துக்குச் சொல்லுகிறது. மணி அடித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகள் நடந்துபோவதைப் பார்த்தால்தான், இனி இங்கே வாழலாம் என்று பெரியவர்களுக்கே தைரியம் வரும்.

பிறகு கண்ணிவெடிகளை ஒவ்வொரு அடியாகத் தோண்டி எடுத்தார்கள். ஜனங்கள் கொஞ்சங்கொஞ்சமாய் ஊர் திரும்பினார்கள். 2012 செப்டம்பரில் மெனிக் பார்ம் மூடப்பட்டது. நம்ம இந்திய அரசாங்கம் 50,000 வீடுகள் கட்டித்தரும் திட்டத்தை எடுத்தது, வடமாகாணத்தில் 79 பள்ளிகளைச் செப்பனிடவும் உதவியது. இலங்கை அரசும் மற்ற தேசங்களும் செய்தன. இப்படிச் சுவர் வந்தது, கூரை வந்தது.

ஆனால் சுவர் வந்துவிட்டால் பள்ளி வந்துவிட்டதா? இலங்கையில் பள்ளிகளுக்கு வகை உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளது 1சி. பதினோராம் வகுப்போடு முடிந்துபோவது இரண்டாம் வகை. கிராமத்துப் பிள்ளை டாக்டர் ஆகவேண்டுமானால், ஊரில் அல்லது எட்டின தூரத்தில் ஒரு 1ஏபி பள்ளி வேண்டும். அதற்கு ஆய்வுகூடமும் வேண்டும், கணிதமும் பௌதிகமும் சொல்லித்தரும் ஆசிரியரும் வேண்டும். கல்வி அங்கே இலவசம், பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம். ஆனாலும் 2022-ல் பொருளாதாரம் விழுந்தபோது, அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல்மாகாணத்திலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். தலைநகர் கொழும்பு இருக்கிற மாகாணத்திலேயே இந்த நிலை என்றால், வன்னியைச் சொல்லவேண்டுமா? அரசாங்கம் எட்டாத இந்த இடைவெளியைத்தான் டொரண்டோவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"நமக்கு என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவை நமக்குத் தெரியும். அவர்களுடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் முதலில் வந்தது இந்தப் பக்கம் அல்ல. 1819-ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் பள்ளிக்கூடமும் நடத்தினார். 1836-ல்தான் சென்னைக்கு வந்தார். அவருடைய குமாரர்கள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். நம்ம பழைய வட ஆற்காட்டில் அநேக ஏழைக் குடும்பங்கள் எழுத்துப் படித்தது அந்த வழியாகத்தான். ஆகவே யாழ்ப்பாணத்து மண்ணில் முதலில் ஊன்றின விதையின் பலனை நாம் சாப்பிட்டிருக்கிறோம். அங்கே பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கும்போது "யாரோ" என்று நாம் சொல்லமுடியாது.

சகோதரி கேட்ட கேள்வி இதைவிடக் கடினம். வேதபாடம் இல்லாத பள்ளிக்கு விசுவாசி கொடுக்கலாமா? இதற்கும் யாழ்ப்பாணமே பதில் சொல்லுகிறது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-ல் ஒரு செமினரியை ஆரம்பித்தது. ஆசியாவிலேயே பேர்பெற்ற உயர்கல்விச் சாலையாக அது வளர்ந்தது. ஆனால் அமெரிக்காவில் இருந்த சங்கத்தார் கணக்குப் பார்த்தார்கள். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் பிரசங்கியார் ஆவதைவிட உத்தியோகத்துக்குப் போவதே அதிகம் என்று கண்டு, 1855-ல் அதை மூடிவிட்டார்கள். அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் அவர் சைவராகவே வாழ்ந்தார். மிஷன் கணக்குப் புத்தகத்தில் அது நஷ்டந்தான். ஆனால் அந்த மனுஷன் செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887-ல் கலித்தொகையை அச்சிட்டார். தமிழ் பேசுகிற நாம் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். கொடுத்தவர்கள் மூடின அந்தச் சாலையை ஊர்க்காரரும் பழைய மாணவரும் விட்டுவிடவில்லை. அவர்களுடைய முயற்சியாலும் அமெரிக்க உதவியாலும் 1872-ல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாக மறுபடியும் எழும்பியது. கொடுத்தவன் விரும்பின பலன் வரவில்லை என்பதற்காக, அந்தக் கொடை வீண் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் கொடுக்கிறவனுக்கு ஒரு உரிமையும் இல்லையா? இருக்கிறது. ஆனால் எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வேதத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டின சம்பவம் இரண்டாம் இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசிகளின் புத்திரருக்கு இடம் போதவில்லை. ஆளுக்கு ஒரு உத்திரம் வெட்டப் போகிறோம் என்று அவர்களே எலிசாவிடம் கேட்கிறார்கள். அவர் போகச் சொன்னார், கூப்பிட்டபோது கூடவும் போனார். கட்டடத்தை அவர் தன் திட்டப்படி கட்டிக் கொடுக்கவில்லை. மரம் வெட்டும்போது ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்தது. அவன் அலறினான். ஏன்? அது இரவல் வாங்கினது!

பிரியமானவர்களே, தர்மப் பணம் என்பது இரவல் கோடரி. வாங்கினவன் அதை அலட்சியமாய்த் தொலைக்கக்கூடாது. தொலைந்தால் அவனுக்கு வயிறு எரியவேண்டும். ஆகவே கணக்குக் கேட்பது கொடுத்தவனுடைய நியாயமான உரிமை. என்ன வாங்கினீர்கள், பிள்ளைகள் உபயோகிக்கிறார்களா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கோடரி கொடுத்தவனுடைய பேர் அந்த அதிகாரத்தில் இல்லை. அவன் வந்து, "இது என் கோடரியால் கட்டின வீடு, வாசலில் என் பேரைப் போடு, நான் சொல்லுகிற பாடத்தைப் படி" என்று நிற்கவில்லை. கணக்கு வேறு, கைம்மாறு வேறு. எல்லாம் இழந்து நிற்கிறவனிடம் கைம்மாறு கேட்டால், அவனால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவனிடம் வாங்குகிற சம்மதம் சம்மதமே அல்ல. அப்படி வருகிற விசுவாசமும் நிலைக்காது. நெகேமியாவைப் பாருங்கள். அதிபதிக்கு உரிய படியைக்கூட அவர் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை, ஜனங்கள்மேல் பாரம் அதிகமாயிருந்தபடியால்.

நம் சபையில் கடைசியில் இப்படித் தீர்மானித்தோம். பிள்ளை ஃபீஸுக்காக வட்டிக்கு வாங்கியிருக்கிறவர்கள் இதற்கு ஒரு ரூபாயும் போடவேண்டாம். அவர்களுக்கு உதவும் பெட்டி முதலில் நிறையட்டும். மற்றவர்கள் தசமபாகத்தைத் தொடாமல், மனப்பூர்வமாய்த் தனிக் கவரில் போடலாம். எது தேவை என்று நாம் இங்கே உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது, அந்தப் பள்ளி அதிபரே எழுதட்டும். பெயர்ப்பலகை வேண்டாம். மூப்பர் மாத்திரம், "சரி பாஸ்டர், ஆனா பில்லு வரணும்" என்றார். வரத்தான் வேண்டும்!

என் அன்பான விசுவாசியே, உன் கையில் இருக்கிறதும் இரவல்தான். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்று உனக்குத் தெரியாது. உன் தாயின் பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிக்குச் செங்கல் வாங்கக் காசு போட்டவர் யார் என்றும் தெரியாது. அவர்கள் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கோடரியை நீ வைத்துக்கொள்ளாதே. மரம் வெட்டக் காத்திருக்கிற கைகளுக்குக் கொடு.

கர்த்தர் தாமே உங்களையும், அந்தப் பள்ளியின் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.