கடப்பாரையை எடு!

"நான் ஒருத்தன் என்ன பண்ணிட முடியும்?" திருவண்ணாமலையில் ஒரு மரம் சாயும்போதெல்லாம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலிருந்து இந்தப் பேச்சு என் காதில் விழுகிறது. தம்பி, தங்கச்சி, இந்த ஊரில் பிறந்துவிட்டு இப்படிப் பேசலாமா? மலையேறிப் பார். உனக்கான பதில் அங்கே இருக்கிறது.

விருபாட்ச குகைக்கு மேலே கந்தாசிரமம். ஊற்றும் தென்னை நிழலுமாக இன்று நீ பார்க்கிற இடம், நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் கள்ளி மண்டிய பாறைச் சரிவு. ரமண மகரிஷிக்கு நல்ல இருப்பிடம் வேண்டும் என்று கந்தசாமி என்ற அடியவர் அந்தப் பாறையோடு மல்லுக்கு நின்றார். கள்ளியை வெட்டினார், சரிவைச் சமன் செய்தார், தென்னை வைத்தார். 1916-ல் ரமணர் அங்கே குடிபோனார். 1922 வரை இருந்தார். அரசாணை வரட்டும், நிதி வரட்டும் என்று கந்தசாமி காத்திருக்கவில்லை. அவர் பெயரில்தான் இன்றும் அந்த ஆசிரமம் நிற்கிறது!

பிறகு விறகு வெட்டுதலும் காட்டுத்தீயும் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. 1988-ல் அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கியது. பின்னால் 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகளும் கைகோத்தன. பாறைச் சரிவில் ஒரு குழி தோண்டுவதை நீ பார்த்திருக்கிறாயா? கடப்பாரை இறங்காது, 'டங்'கென்று எகிறும். உள்ளங்கை கொப்பளிக்கும். கன்றைத் தலைச்சுமையாக மேலே கொண்டுபோக வேண்டும். மழைநீர் ஓடிவிடாமல் கன்றுக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் கல் அடுக்க வேண்டும். கோடையில் ஒரு தீக்குச்சி போதும், காய்ந்த புல் பற்றி அத்தனையும் சாம்பல். அதற்காகவே கோடைக்கு முன்னால் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். எரிந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி நடுகிறார்கள். இதுதானடா நெஞ்சுரம்!

கீழே கிரிவலப் பாதையைப் பார். 14 கிலோமீட்டர். அதை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வேலையை நிறுத்தி வைத்தது. கூட்டம் பெருகுகிறதே, பாதை அகலமாக வேண்டாமா என்பார்கள். வெறுங்காலோடு நடக்கிற கிழவிக்குத் தார்ச்சாலையின் அகலமா வேண்டும்? நிழல் வேண்டும். இதைச் சொல்ல உனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் இதே ஊரின் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மேல் சரிந்தன. ஏழு உயிர் போயிற்று. அதில் ஐந்து பேர் குழந்தைகள். சரிவில் குடியேறிய ஏழையைத் திட்டாதே, அவனுக்குப் பாதுகாப்பான இடம் கேட்டுப் போராடு. மலைச்சரிவை மனையாக்கத் துடிக்கிறவனை மட்டும் விட்டுவிடாதே.

மரத்துப் பட்டையைச் செதுக்கி பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறதா? வெட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். உடனே படம் எடு. மாவட்டப் பசுமைக் குழு அனுமதித்ததா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேள். அவர்கள் வாய்மூடி இருந்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு போடு; 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சட்டம் படித்தவனுக்கு மட்டும் அந்த உரிமை என்று எவன் சொன்னான்? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும். கூட வர ஆளில்லை என்றால் தனியாகப் போ.

ஐப்பசி மழைக்குள் குழிகள் தயாராக வேண்டும். மலையில் மரம் நடுகிற அமைப்பு ஒன்றில் பெயர் கொடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்துக்குப் போய்ச் சேர். "நான் ஒருத்தன்" என்று உன்னோடு சேர்ந்து புலம்பிய நண்பனையும் கையோடு இழுத்துக்கொண்டு போ.