எந்தக் குசும்பு?

தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அதற்கும் வடக்கே நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்த பிறகும் இந்த ஊர்களுக்கிடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. சொற்களும் அப்படித்தான் போய்வருகின்றன. குசும்பு அவற்றில் ஒன்று.

தமிழில் 'சரியான குசும்புக்காரன்' என்றால் அதில் பாதி செல்லம். கோவைக்காரர்கள் அதை ஊர்ப்பெயரோடு சேர்த்துப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். மலையாளத்தில் குசும்பு என்றால் பொறாமை. 'அவனுக்குக் குசும்பு கூடுதல்' என்றால் தமிழர் சிரிப்பார். மலையாளி முகம் சுளிப்பார்.

இந்த இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரமில்லை என்றே எனக்குப் படுகிறது. புதுவீடு கட்டியவனிடம், "இனி எங்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்து விடுவியா மக்கா?" என்கிறோம். அவன் உயர்ந்ததில் மகிழ்ந்து சொன்னால் அது தமிழ்க் குசும்பு. உள்ளே புழுங்கிக்கொண்டு சொன்னால் மலையாளக் குசும்பு. வார்த்தை ஒன்றுதான், கேட்பவனுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்' என்று நாம் அவசரமாகச் சமாளிக்கும் இடங்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கிறது.

முதல் வகைக் குசும்புக்கு ஓர் உதாரணம் உண்டு. முன்பு திருவிதாங்கூராக இருந்த இதே மண்ணில், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். மூடநம்பிக்கைகளை அவர் விடாமல் கேலி செய்தார். அந்த மூடநம்பிக்கைகளோடு வாழ்ந்த மக்களும் சேர்ந்தே சிரித்தார்கள். சம்பாதித்ததை வாரிக் கொடுத்தவர் என்று இன்றும் பேசப்படுகிறவர் அவர். அந்த ஈகையையும் அந்த நகைச்சுவையையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிறர் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைக்கிற மனதின் கேலி யாரையும் கீறுவதில்லை.

'அசூயைக்கும் கஷண்டிக்கும் மருந்தில்லா' என்பது மலையாளப் பழமொழி. பொறாமைக்கும் வழுக்கைக்கும் மருந்தில்லையாம். பொறாமையையே இப்படிக் கேலி செய்வதுதான் அசல் தமிழ்க் குசும்பு! மருந்து இல்லாவிட்டால் போகட்டும், பத்தியம் இருக்கிறது. மனம் புழுங்குகிற அன்று வாயைக் கட்டுவோம். நண்பனின் புதுவீட்டைப் பார்த்து நிஜமாகவே மகிழ முடிகிற நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். அவனும் கூடச் சிரிப்பான்.