இரண்டு சாய்வுகளும் ஒரு நேர்கோடும்

மேசைமீது வரிசையாக வைத்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். லெப்பர்ட், டீபேர்ட், ஃபயர்பேர்ட் என்று டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் மூன்று வட்டுகள். ஏறத்தாழ 21 செ.மீ. விட்டம், 170 கிராமை ஒட்டிய எடை, விரல்கள் உள்ளே மடங்கிப் பற்றிக்கொள்ளத் தோதான விளிம்பு. ஆனால் ஒரே கை ஒரே வேகத்தில் அடுத்தடுத்து எறிந்தால் மூன்றும் மூன்று இடங்களில் போய் விழும். வலக்கைக்காரர் உடலுக்குக் குறுக்கே கையை இழுத்து எறிகிறார் என்று கொள்வோம். லெப்பர்ட் முதலில் வலப்பக்கம் மெல்லத் திரும்பி, வேகம் தணிந்தபின் நடுவை நோக்கி வரும். டீபேர்ட் நெடுந்தூரம் நேரே போய், முடிவில் சற்றே இடப்பக்கம் ஒதுங்கும். ஃபயர்பேர்ட் வலப்பக்கம் போகவே சம்மதிக்காது; வேகம் குறையத் தொடங்கியதும் இடப்பக்கம் வெட்டி இறங்கிவிடும். வெளிப்பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் வேறுபாடு, போகும் தூரம் கூடக்கூட எத்தனை பெரியதாகிறது என்பதை நினைத்தால் நமக்குச் சிந்திக்க நிறைய இருக்கிறது.

ஆட்டத்தை அறியாதவருக்கு ஒரு வரி போதும்: பந்துக்குப் பதில் வட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தபோது, அங்கே எறியப்பட்டவை மழுங்கிய விளிம்புள்ள பிரிஸ்பீகள். 1983-இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரித்துக் கூராக்கி ‘ஈகிள்’ என்ற வட்டைக் கொண்டுவந்தார். தூரம் கூடியது. தூரத்தோடு வட்டுகளுக்குத் தனித்தனிக் குணமும் வந்து சேர்ந்தது. இன்று ஃபேர்வே டிரைவர் என்று சொல்லப்படும் வகை இந்தப் பரிணாமத்தின் நடுவில் நிற்கிறது: கூடைக்கருகே எறியும் பட்டரைவிட வேகமானது, வெகுதூரத்துக்கென்றே செய்த டிரைவரைவிட அடக்கமானது. மாசசூசெட்ஸின் மேப்பிள் ஹில்லிலும் கென்டக்கியின் ஐடில்வைல்டிலும் மரங்களுக்கிடையே ஒடுங்கிய பாதையின் முன் நிற்கும் ஆட்டக்காரர், எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பதற்கு முன் எப்படிப் போகும் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது கேள்விக்கான விடையாகத்தான் இந்த வட்டுகளைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

இந்நோவா நிறுவனம் தன் வட்டுகளின் குணத்தை நான்கு எண்களில் சொல்கிறது: வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட். டீபேர்டுக்கு 7, 5, 0, 2. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. ஃபயர்பேர்டுக்கு 9, 3, 0, 4. மூன்றாவது எண், முழு வேகத்தில் இருக்கும்போது வட்டு எவ்வளவு புரண்டு திரும்பும் என்பது. நான்காவது எண், வேகம் தீர்ந்துவரும்போது எவ்வளவு எதிர்ப்பக்கம் சரியும் என்பது. முதல் இரண்டு எண்களும் திறனைப் பற்றியவை. பின்னிரண்டும் இயல்பைப் பற்றியவை. கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நெடுநாள் ஆடியவர்களின் கண் நான்காவதற்குத்தான் முதலில் போகிறது. அவர்கள் செய்வதே சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு வட்டு எங்கே போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உச்ச வேகமல்ல, அந்த வேகம் போனபின் எஞ்சுவது.

இந்த இரண்டு சாய்வுகளும் எங்கிருந்து வருகின்றன? வட்டைத் தாங்கும் காற்றின் விசை எப்போதும் வட்டின் நடுமையத்தில் விழுவதில்லை. வேகம் மிகுந்திருக்கும்போது அது மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழக்கூடும். வட்டின் முனை தாழப் பார்க்கும். வேகம் தணிந்து வட்டு கீழிறங்கும்போது அதே விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்துவிடும். முனை நிமிரப் பார்க்கும். சுழலாத பொருளாக இருந்தால் அப்படியே தாழ்ந்தோ நிமிர்ந்தோ கவிழ்ந்திருக்கும். சுழல்கிற பொருளோ பம்பரத்தைப்போல, தள்ளிய பக்கம் சாயாமல் கால்வட்டம் தள்ளி இன்னொரு பக்கம் சாயும். அதனால்தான் முனையைத் தாழ்த்த வரும் தள்ளல் வலப்பக்கச் சாய்வாகவும், நிமிர்த்த வரும் தள்ளல் இடப்பக்கச் சாய்வாகவும் வெளிப்படுகின்றன. இடக்கைக்காரர் எறிந்தால் சுழற்சி மாறும், பக்கங்களும் மாறிவிடும். ஆகவே வலம், இடம் என்பவை வட்டுக்குள் இல்லை. வட்டுக்குள் இருப்பது ஒன்றே: வலு நிறைந்த நேரத்தில் ஒரு பக்கமும் வலு குறைந்த நேரத்தில் அதற்கு எதிர்ப்பக்கமும் சாயும் இயல்பு.

இதை உணர்ந்தபின் ‘நேராகப் போகும் வட்டு’ என்ற பேச்சு வேறுவிதமாகக் கேட்கத் தொடங்குகிறது. எந்தச் சாய்வும் இல்லாத வட்டு கிடையாது. டீபேர்ட் நேரே போகிறது என்றால், அதன் இரு சாய்வுகளும் சிறியவை, ஒன்றின் கணக்கை மற்றொன்று ஏறக்குறைய தீர்த்துவிடுகிறது என்றே பொருள். லெப்பர்டை நேரே செலுத்தத் தெரிந்தவர்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறார்கள். கையிலிருந்து விடும்போதே வெளி விளிம்பைத் தாழ்த்தி, இடப்பக்கம் சாய்த்து எறிகிறார்கள். அது தன் இயல்பின்படி வலப்பக்கம் புரளப் பார்க்கிறது. புரண்டு சமநிலைக்கு வருகிறது. அப்படியே நெடுந்தூரம் மிதந்து போகிறது. ஹைசர்-ஃபிளிப் என்று இதற்குப் பெயர். வட்டின் கோணலை மறுக்காமல், அதற்கு ஈடான எதிர்க்கோணலைத் தாமே முன்கூட்டிக் கொடுத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு நேர்கோடு தெரியும். எறிந்தவருக்கோ அந்தக் கோட்டுக்குள் இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியும்.

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வட்டு நினைத்தபடி போகாதபோது வட்டைக் குறைசொல்லிவிடுகிறோம். எண்கள் வட்டின்மீது அச்சிடப்பட்டிருப்பதால், அந்தப் பறத்தலும் வட்டுக்குள்ளேயே இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்கள் ஒரு நிபந்தனையோடு வருகின்றன: அந்த வட்டு கேட்கும் வேகத்தை எறிகிற கை கொடுக்கவேண்டும். தொழில்முறை ஆட்டக்காரரின் கையிலிருந்து வட்டு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் கிளம்பும். அந்த வேகத்துக்கென்று செய்த, அகன்ற விளிம்புள்ள தூர டிரைவரைப் புதியவர் வாங்கி எறிந்தால், அதன் முதல் சாய்வு எழவே எழாது. இரண்டாவது சாய்வு மட்டும் எஞ்சி, வட்டு எழுந்தவுடனே இடப்பக்கம் விழுந்துவிடும். 2016-இல் நெவாடாவின் பாலைவெளியில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்த வகை வட்டை நாமும் வாங்கிவிடலாம். அந்தக் கையை வாங்கமுடியாது. அதே புதியவர் கையில் ஒரு லெப்பர்டைக் கொடுத்துப் பார்த்தால், வேகமான வட்டைவிட அது தூரமாகவே போகக்கூடும். நம் வலுவுக்கு மீறிய கருவி நம்மிடமிருந்து தன் நல்ல பாதியை மறைத்துவைத்துக்கொள்கிறது. ஆற்றலுக்கேற்ற கருவியைத் தேர்வது ஆசையைக் குறைத்துக்கொள்வதல்ல, கருவி தன் முழு இயல்பையும் காட்ட இடங்கொடுப்பது.

காற்றும் இதையே வேறு வகையில் கற்பிக்கிறது. வட்டுக்குத் தரை எவ்வளவு வேகமாகப் பின்செல்கிறது என்பது தெரியாது. தன்மேல் மோதும் காற்றை மட்டுமே அது அறியும். எதிர்க்காற்று அடிக்கும்போது அதே வீச்சு வட்டுக்குக் கூடுதல் வேகமாகப் படுகிறது. அமைதியான நாளில் ஒழுங்காகப் போன லெப்பர்ட், எதிர்க்காற்றில் வலப்பக்கம் புரண்டு தரையில் உருளுகிறது. அதே காற்றில் ஃபயர்பேர்ட் ஏறக்குறைய நேராகப் போகிறது. பின்காற்றில் நிலைமை மாறுகிறது: டீபேர்டும் சீக்கிரம் சரிந்துவிடுகிறது. அமைதியில் பிடிவாதம் என்று நாம் ஒதுக்கிய குணம் எதிர்ப்பில் உறுதியாகிறது, அமைதியில் நயமென்று பாராட்டியது எதிர்ப்பில் தள்ளாட்டமாகிறது. எந்தக் குணமும் தனியே நின்று நன்மையோ தீமையோ ஆவதில்லை. எந்தக் காற்றில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த மதிப்பீடு முழுமைபெறும்.

காலத்தின் பங்கு இன்னும் ஆழமானது. டிஎக்ஸ் என்ற மலிவான பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு டீபேர்டைச் சில மாதங்கள் காட்டுப்பாதையில் ஆடியபின் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். முன்விளிம்பில் மரப்பட்டை கிழித்த சிறு சிறு வெட்டுகள். அவற்றின் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் சிலாம்புகள். கட்டைவிரலை ஓட்டினால் ஒருபுறம் சொரசொரப்பு, ஒருபுறம் வழவழப்பு. நேர்பார்வையில் நோக்கினால் மூக்கு சற்றுத் தாழ்ந்து உருண்டிருக்கும். இந்த மாற்றம் பறத்தலில் உடனே தெரிகிறது: கடைசிச் சரிவு குறைகிறது, முதல் திருப்பம் கூடுகிறது. புதிதில் முடிவில் இடம் சரிந்த வட்டு இப்போது கடைசிவரை நேரே போகிறது. இன்னும் அடிபட்டால் வலப்பக்கம் திரும்பி, லெப்பர்டைப்போல நடந்துகொள்ளும். சாம்பியன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் இப்படி எளிதில் மாறாது. அதன் பளபளப்பும் விறைப்பும் நெடுநாள் நீடிக்கும். குளிரில் கையில் வழுக்கவும் செய்யும். எது சிறந்தது என்று ஆட்டக்காரர்களுக்குள் ஓயாத வாதம். சிலர் மாறாததை விரும்புகிறார்கள். சிலரோ ஒரே அச்சில் வார்த்த வட்டையே புதிதாக ஒன்று, பாதி பழகியதாக ஒன்று, நன்றாகத் தேய்ந்ததாக ஒன்று என்று பையில் சேர்த்துவைத்து, பாதைக்கேற்ப எடுத்து எறிகிறார்கள். எனக்கு இரண்டாம் தரப்பினரின் வழியே மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. தேய்வதைக் கெட்டுப்போவதாக அவர்கள் கருதுவதில்லை. ஒரே பொருள் தன் வாழ்நாளின் வெவ்வேறு பருவங்களில் வெவ்வேறு வேலைக்குத் தகுதிபெறுகிறது என்று கண்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் அதற்குரிய பாதையைக் கொடுக்கிறார்கள்.

இங்கே நம் சிந்தனை வட்டுகளைத் தாண்டிப் போகிறது. நாமும் யாரை நம்புகிறோம் என்று யோசித்துப் பார்த்தால், குறையே இல்லாதவரை நாம் நம்புவதில்லை. அப்படி ஒருவரை நாம் சந்தித்ததும் இல்லை. இவர் கோபத்தில் எந்தப் பக்கம் போவார், களைப்பில் எந்தப் பக்கம் சரிவார், புகழ் வரும்போது எவ்வளவு புரள்வார், அது ஓய்ந்தபின் எங்கே வந்து நிற்பார் என்பதை அறிந்த பிறகுதான், அந்த அறிவின் பலத்தில், நாம் ஒருவரிடம் நம் காரியத்தை ஒப்படைக்கிறோம். ஃபயர்பேர்டை எவரும் நேராகப் போகும் என்று நினைத்து எடுப்பதில்லை. அது நிச்சயம் இடப்பக்கம் வெட்டும் என்பதற்காகவே, மரத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய இடத்தில் எடுக்கிறார்கள், கணக்கிடத் தெரிந்த கோணலைவிட உறுதியான துணை அந்த இடத்தில் இல்லை என்பதால். நிலைத்தன்மை என்று நாம் சொல்வது சாயாமலிருப்பதன்று. சாய்வு ஒவ்வொரு முறையும் ஒரே வகையில், ஒரே அளவில், ஒரே தருணத்தில் நிகழ்வது. அதை அறிந்தவர் தம் வீச்சின் கோணத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவும், அறியாதவர் அதைத் துரோகமென்று எண்ணிக் கசந்துபோகவும் காரணமாக இருப்பது அந்த ஒரே சாய்வுதான். ஆகவே பிறரைத் திருத்தி நேராக்கிவிட்டு அதன்பின் அவர்களோடு வாழ்வோம் என்று காத்திருக்கிற மனம், சாய்வில்லாத வட்டைத் தேடி அலையும் கையைப்போலவே, தன் முன்னாலிருக்கும் எல்லா நல்ல பாதைகளையும் எறியாமலே கடந்துவிடுகிறது.

நம்மைப் பற்றியும் இதுவே. வலு நிறைந்த பருவத்தில் நாம் ஒரு பக்கம் புரள்கிறோம், பிறர் சொல் காதில் விழாத வேகத்தில். வலு ஓயும்போது எதிர்ப்பக்கம் சரிகிறோம். பழையதை நோக்கி, பிறந்த இடத்தை நோக்கி, ஒரு காலத்தில் மறுத்த நம்பிக்கைகளை நோக்கி. முதல் சாய்வை நம் உண்மையான முகமென்றும் இரண்டாவதைத் தளர்ச்சியென்றும் கருதுவது வழக்கம். அப்படிப் பிரிக்க எனக்கு மனமில்லை. ஒரே விளிம்பின் வடிவம்தான் இரண்டையும் தருகிறது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்க எந்த வார்ப்பாலும் முடியாது. ஒன்று மற்றொன்றைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரும் வாழ்வும் உண்டு. ஒன்று மட்டுமே ஓங்கி, ஓரத்தில் போய் முடியும் வாழ்வும் உண்டு. எறிந்த கோணமும் எதிர்ப்பட்ட காற்றும் அதில் பங்குபெறுகின்றன.

சாய்வைப் பற்றிய இந்த அறிவை ஒருவரிடமிருந்து இன்னொருவர் கடனாகப் பெறமுடியாது. ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாற்றவும் முடியாது. நெடுநாள் பழகிய டீபேர்ட் குளத்தில் போய்விட்டால் அதே அச்சில், அதே எடையில், அதே பிளாஸ்டிக்கில் இன்னொன்று கடையில் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வார்ப்பிலும் பிளாஸ்டிக் ஆறும் விதம் சற்றே மாறுகிறது. ஒன்றின் முதுகு கொஞ்சம் உயர்ந்திருக்கும், இன்னொன்று தட்டையாக இருக்கும். உயர்ந்தது கூடுதலாக மிதக்கும், தட்டையானது சீக்கிரம் இறங்கும். அதனால் அனுபவசாலிகள் புதிய வட்டை நேரே போட்டிக்குக் கொண்டுபோவதில்லை. காற்றடங்கிய வேளையில் திறந்த வெளிக்குப் போய், முதலில் பாதி வலுவில், பிறகு முழு வலுவில், பிறகு எதிர்க்காற்று எழும் நாளுக்காகக் காத்திருந்து அதிலும் எறிந்துபார்த்து, அது எங்கே திரும்புகிறது, எங்கே சரிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பையில் பழையதன் இடத்தில் வைக்கிறார்கள்.